அடுத்த சனிக்கிழமை போகலாம் என்றேன்

மலாயா சுதந்திரம் அடைந்திருந்த சமயம். மலாக்கா காஜா பெராங்கில் நான் பள்ளி ஆசிரியர். எங்கள் தெருச் சாப்பாட்டுக் கடையில் சோலையண்ணன் காப்பியும் தேநீரும் கலக்குவார். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே மணம் முடித்தவர். கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டை.

குடியுரிமைக்குப் பதிந்துகொள்வது அப்போது சுலபம்.

“வாத்தியாரே, ஆபீசுக்கு ஒரு நடை கூட வாங்க. அங்க போனா எனக்கு வாயே வராது,” என்று கேட்டார்.

எனக்குச் சனிக்கிழமைப் பூப்பந்து ஆட்டம் பெரிதாக இருந்தது.

“உங்கள யாருண்ணே கப்பல் ஏத்தப் போறா? அப்புறம் எங்களுக்கு யாரு தே கலக்கித் தர்றது? அடுத்த சனிக்கெழம போவலாம்,” என்றேன். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் போகவே இல்லை.

சுலபமாகப் பதியும் காலம் முடிந்துபோனது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. கடை முதலாளி அவருக்காக விண்ணப்பித்தார். தேநீர் கலக்க உள்ளூர் ஆள் போதும் என்று மறுத்துவிட்டார்கள். நான் போய்க் கெஞ்சியும் பயனில்லை.

“புள்ளைங்க படிப்ப மட்டும் பாத்துக்குங்க வாத்தியாரே,” என்று சொல்லிவிட்டுத் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார். மனைவியும் மகள்களும் இங்கே இருக்க, அவர் அங்கேயே இறந்தார்.

வெகு காலம் சட்டத்தைத் திட்டி என்னைத் தேற்றிக்கொண்டேன். அவர் என்னிடம் கேட்டதோ ஒரு காலைப் பொழுது.

இன்று தமிழ்நாட்டிலிருந்து வந்து கடைகளில் பெர்மிட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் யாராவது ஆபீசுக்குத் துணைக்கு அழைத்தால், உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். வரிசையில் நின்றால் கால் வலிக்கிறது. வலிக்கட்டும்.