மணி அடிக்காமல் ஓடிய மோட்டார்

தங்கம்மாவின் மூன்று விரல்களைப் பறித்தவன் நான். அந்தப் பழியைச் சிவனாண்டியின் தலையில் சுமத்தியவனும் நானே!

இரண்டாயிரங்களின் தொடக்கம். இலங்கை மலையகத்தில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து உருட்டும் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ‘சி’ மொழியில் நிரல் எழுதினேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து கணினி படித்தவன் என்ற செருக்கு எனக்கு!

அதில் ‘தொடங்கு’ என்றொரு மேக்ரோ. ஒரே பெயருக்குள் இரண்டு கட்டளைகள்: எச்சரிக்கை மணியை அடி, மோட்டாரை ஓட்டு. மின்சாரம் வந்ததும், இயந்திரத்தின் மூடி சாத்தியிருந்தால் மட்டுமே இரண்டும் நடக்கவேண்டும். அந்த நிபந்தனையை எழுதி, பக்கத்தில் மேக்ரோவின் பெயரை வைத்தேன்.

அடைப்புக்குறி போடவில்லை... நிபந்தனை முதல் கட்டளையோடு முடிந்துபோயிற்று. மூடி திறந்திருந்தால் மணி அடிக்காது. மோட்டார் மட்டும் ஓடும்! மூடியைச் சாத்தியே சோதித்த எனக்கு அது தெரியவில்லை.

ஒரு மழைநாளில் மின்சாரம் நின்றது. அந்த இயந்திரத்தில் வேலைசெய்த தங்கம்மா மூடியைத் திறந்து, ஒட்டிக் கிடந்த இலையை வழித்துக்கொண்டிருந்தார். மின்சாரம் திரும்பியது. மணி அடிக்கவில்லை...

மறுநாள் விசாரணைக்கு அழைத்தார்கள். புறப்படுமுன் நிரலைத் திறந்தேன். அடைப்புக்குறி இல்லாதது அப்போதுதான் கண்ணில் பட்டது! இரண்டு கட்டளைகளையும் ஒரே அடைப்புக்குறிக்குள் பூட்டினேன். ஒரு நிமிட வேலை. தொழிற்சாலைக்குப் போனதும், பெட்டியைச் சோதிக்கவேண்டும் என்று சொல்லி, திருத்திய நிரலை ஏற்றிவிட்டேன். யாருக்கும் தெரியாது.

பெட்டியைத் தாண்டி மோட்டாரை ஓட்டும் கைச்சுவிட்சு ஒன்றும் அங்கே உண்டு. அதன் பொறுப்பு சிவனாண்டிக்கு. அவர் தொழிற்சாலை அதிகாரியான டீமேக்கர் முன்னால் கைகூப்பி நின்றார்.

“சுவிட்சைத் தொடவே இல்லீங்க ஐயா! மணிகூட அடிக்கல...”

டீமேக்கர் என் பக்கம் திரும்பினார். “கரண்டு வந்தா தானா ஓடுமா?”

“மூடி தொறந்திருந்தா ஓடாதுங்க.”

சொன்னதோடு நின்றேனா? மூடியைத் திறந்து வைத்து, மின்சாரத்தை நிறுத்திப் போட்டுக் காட்டினேன். மோட்டார் அசையவில்லை! சிவனாண்டி அதையே வெறித்துப் பார்த்தார்.

அவருக்கு வேலை போயிற்று. லயத்து வீடும் போயிற்று.

சில ஆண்டுகள் கழித்து, கினிகத்தேனையில் ஒரு கடை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்...

“அன்னைக்கு சத்தியம் பண்ணேன் தம்பி. இப்ப யோசிச்சா, என் கைதான் தெரியாம பட்டிருக்கும்போல. தங்கம்மாகிட்டப் போய் மன்னிப்புக்கூட கேட்டுட்டேங்க.”

அப்போதாவது நான் வாய் திறந்தேனா?

ஹட்டன் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.