காலாவதியும் கலாவதியும்

"அமெரிக்காவும் இறங்கி வரலாம், ரஷ்யாவும் இறங்கி வரலாம். இந்த விஜயரத்தினம் மட்டும் ஒருநாளும் முதல் ஆளா இறங்கி வரமாட்டான்!"

தன் அறுபதாவது பிறந்தநாளில், லண்டன் புறநகரான சட்டனில் உள்ள தன் வீட்டுப் பின்வளவில் நின்று, விஜயரத்தினம் இதை மைக்கில் அறிவித்தார். ஆளுயரத்தையும் தாண்டி நின்ற ஒலிபெருக்கிப் பெட்டி அந்த அறிவிப்பை ரயில் நிலையம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பலகை வேலிக்கு அப்பால் இருந்த வீட்டுக்கு மைக் தேவையே இல்லை. ஆனால் அந்த வீட்டுக்காகத்தான் மைக்கே பிடிக்கப்பட்டது.

அந்த வீட்டுக்காரர் தேவராசா, விஜயரத்தினத்தின் சகலன். விஜயரத்தினத்தின் மனைவி கலாவதியின் அக்கா கமலேஸ்வரியைக் கட்டியவர். அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற ஒரே பிடிவாதத்தில்தான் கலாவதி ஜெர்மனியிலிருந்து குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு லண்டனுக்கு வந்தார். வேலிக்கு மேலால் இந்தப் பக்கத்திலிருந்து கறிச்சட்டி போகும். அந்தப் பக்கத்திலிருந்து அதே சட்டி புட்டோடு திரும்பி வரும். இரண்டு பெண்களுக்கும் அது போதுமாயிருந்தது.

விஜயரத்தினம் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடை வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய உண்மையான துறை அணு ஆயுதக் கட்டுப்பாடு. ஜெர்மனிக்குப் போன புதிதில், வீதியோரம் ஆட்கள் நீளத்துக்கு நிற்பதைக் கண்டு, அகதிகளுக்குச் சாப்பாட்டு முத்திரை கொடுக்கிறார்கள் என்று நினைத்து நடுவில் புகுந்துகொண்டார். இரண்டு பக்கமும் நின்ற வெள்ளைக்காரிகள் அவருடைய கைகளைப் பிடித்தபோது, வரிசையில் இடம் பறிபோகாமலிருக்க இந்த நாட்டு வழக்கம் இப்படியாக்கும் என்று எண்ணி அவரும் இறுக்கிப் பிடித்தார். அது அமெரிக்க ஏவுகணைகளுக்கு எதிரான போராட்டம். முத்திரை கிடைக்கவில்லை. ஆனால் சில வருடங்களில் வல்லரசுகள் உடன்படிக்கை செய்ய, அந்த ஏவுகணைகள் கழற்றப்பட்டன. அந்தப் புண்ணியத்தில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று விஜயரத்தினம் எடுத்துக்கொண்டார். மறுப்பதற்கு யாரும் ஆதாரம் கொண்டுவரவில்லை.

அன்றிலிருந்து வல்லரசுகளின் உடன்படிக்கைகள்மேல் அவருக்குத் தீராத வியப்பு.

"லெஸ்லி, யோசிச்சுப் பாரும்," என்பார், பருப்பு வாங்க வந்த வாடிக்கையாளரிடம். "அவன் இவனைக் கொல்லக் குண்டு வைச்சிருக்கிறான். இவன் அவனைக் கொல்ல வைச்சிருக்கிறான். வைச்சுக்கொண்டு, 'வா, வந்து எண்ணிப் பார்' எண்டு கதவைத் திறந்து விடுறான்!"

"குண்டை அப்பிடியே காட்டுவாங்களோ, அண்ணை?"

"துணியால மூடித்தான் இருக்கும். எத்தினை எண்டு எண்ணலாம்."

"பொம்பிளை பாக்கப் போன மாதிரி."

"பகிடி விடாதையும். உடன்படிக்கைப்படி வெட்டின பிளேனை என்ன செய்தவங்கள் தெரியுமோ? சிறகு வேற, உடம்பு வேறயா வெளியில போட்டு வைச்சவங்கள், மாசக்கணக்கா. மற்றவன்ர சட்டலைட் மேலால வந்து பாக்கவேணும் எண்டு. மூடக்கூடாது!"

'மூடக்கூடாது' என்னும்போது, கோயிலில் திரை விலகும் நேரத்தில் இறங்குவதுபோல அவர் குரல் இறங்கும். உலகத்தையே எரிக்கக்கூடிய இரண்டு பேர், ஒருவரையொருவர் ஒரு சொல்லுக்கும் நம்பாத இரண்டு பேர், நம்பாமலேயே சேர்ந்து வாழ ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கேட்டுக்கொண்டு நின்ற லெஸ்லிக்கும் சிலிர்த்தது. பருப்பை மறந்து வீட்டுக்குப் போய், திரும்பி வந்தார்.

இப்படிப்பட்ட அறிஞரின் பின்வளவில்தான் ஆயுதப் போட்டி நடந்தது. தேவராசா பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு இரண்டு பெட்டி வைத்துப் பாட்டுப் போட்டார். விஜயரத்தினம் நாலு வைத்தார். அவர் ஆறு. கடைசியாக விஜயரத்தினம் குரோய்டனில் ஒரு மண்டபக்காரரிடம் வாங்கி வந்ததுதான், 'மூத்தவர்' என்று மரியாதையோடு அழைக்கப்பட்ட அந்த ஆளுயரப் பெட்டி. மூத்தவர் வாய் திறந்தால் இரண்டு வீட்டுக் கோப்பைகளும் தட்டில் நடந்தன. கவுன்சில்காரர் வந்து, ஐக்கிய நாடுகள் சபை போல, இரு தரப்புக்கும் கவலை தெரிவித்துவிட்டுப் போனார்கள்.

சகோதரிகள் வேலியடியில் நின்று ஒரு சமாதானம் பேசினார்கள்: வீட்டுக்கு இரண்டு பெட்டி, அதற்குமேல் இல்லை. எல்லாம் சரிவந்தது. ஒரேயொரு இடத்தில் முறிந்தது. மற்றப் பெட்டிகள் போய்விட்டனவா என்று தான் வந்து விஜயரத்தினத்தின் கார் விடும் கராஜைப் பார்க்கவேண்டும் என்றார் தேவராசா.

"என்ர கராஜுக்குள்ள அவருக்கு என்ன பார்வை?" என்றார் விஜயரத்தினம்.

"ரஷ்யாக்காரன் திறந்து விட்டவன் எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்?" என்று லெஸ்லி கேட்டார்.

"அது வேற. அமெரிக்கன் அவனுக்குச் சகலன் இல்லை."

இந்த வருடத் தொடக்கத்தில் தேவராசா வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை முளைத்தது. ஹவுன்ஸ்லோவில் மகன் மிதுலனோடு போய் இருக்கப்போகிறார்களாம். அன்றிலிருந்து கலாவதி கறியைக் குறைவாகச் சமைக்கத் தொடங்கினார்.

மாசி மாதம் ஒரு காலை, தேத்தண்ணியோடு கைபேசியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த விஜயரத்தினம், செத்தவீட்டுச் செய்தி கேட்டவர்போல அலறினார்: "காலாவதி!"

"என்னப்பா?" என்றார் கலாவதி, அடுப்படியிலிருந்து.

"உன்னை இல்லை. காலாவதி, காலாவதி!"

"அதுதானே கேக்கிறன், என்ன?"

"ஐயோ, உடன்படிக்கை! ரெண்டு பேருக்கும் நடுவில கடைசியா இருந்த உடன்படிக்கை காலாவதியாப் போச்சு. ஒருதரை ஒருதர் எண்ணப் போறதை எப்பவோ விட்டிட்டாங்கள்தான். கடதாசியாவது இருந்தது. இனி அதுவும் இல்லை."

கலாவதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவருடைய கைபேசியைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்தார்.

"நாளைக்கு அக்கா வீட்டைப் பாக்க ஆக்கள் வருகினமாம்," என்றார். "ஹவுன்ஸ்லோவுக்கு ரெண்டு பஸ், ஒரு ட்ரெயின். சட்டியைத் தூக்கிக்கொண்டு போக ஏலுமோ? ரஷ்யாக்காரனுக்காக அழுறியள். எனக்கும் இந்த வேலியோட ஒரு உடன்படிக்கை இருந்ததப்பா. அதுவும் காலாவதிதான்."

விஜயரத்தினம் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணியை எடுத்தார். அது ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை, நல்ல வெளிச்சத்தில், வளவில் மரம் அரியும் வாளின் சத்தம் கேட்டுக் கலாவதி வெளியே வந்தார். மூத்தவர் புல்லில் குப்புறக் கிடந்தார். விஜயரத்தினம் வியர்த்து வழிய அவரை இரண்டாக, பிறகு நாலாக அரிந்தார். உள்ளேயிருந்த கடதாசிக் கூம்புகளை வெளியே எடுத்துக் கிழித்து, துண்டுகளை ஒன்றோடொன்று முட்டாமல் வளவு முழுக்கப் பரப்பி வைத்தார்.

"இஞ்சேருங்கோ, என்ன வேலை இது? மழை தூறுது. தறப்பாளாலயாவது மூடுங்கோ."

"மூடக்கூடாது," என்றார் விஜயரத்தினம்.

கலாவதி நிமிர்ந்து பார்த்தார். அக்கா வீட்டு மேல்மாடி ஜன்னலில் திரை விலகியிருந்தது.

விஜயரத்தினம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கராஜ் கதவை அகலத் திறந்து விட்டார். அதன் சாவியை, கறிச்சட்டி வைக்கும் இடத்தில், வேலிப் பலகையின் மேல் வைத்துவிட்டுக் கை கழுவ உள்ளே போனார்.