டைனமோ நிற்கவில்லை

முதலே சொல்லிவிடுகிறேன், நான் இருபத்தெட்டு வருஷம் பௌதிகம் படிப்பித்தவள். பேய், பிசாசு, கண்ணூறு என்று யாராவது வாயைத் திறந்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்துப் புத்தூரில் எங்கள் வீடு. யுத்தத்தில் கரண்ட் போய் எத்தனையோ காலம், பற்றரி அரசாங்கம் தடை செய்த சாமான். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ஊரே ரேடியோவில் செய்தி கேட்டது. எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு படி மேல். ஜெர்மனியில் இருந்து சித்தப்பா முன்பு அனுப்பிய கையடக்க வீடியோ கேம் ஒன்று பற்றரி இல்லாமல் அலுமாரியில் கிடந்தது. என் அண்ணை பழைய ரேடியோவைக் கழற்றி நாலு டயோட் எடுத்து, பின் சில்லு நிலத்தில் படாமல் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து அதற்கு உயிர் கொடுத்துவிட்டார். ஒருவர் சைக்கிளில் ஏறி மிதிக்க வேண்டும், மற்றவர் விளையாட வேண்டும்.

வாளோடு ஒரு குட்டி வீரன் ஓடுவான். பள்ளம் தாண்டி, வௌவால்களை வெட்டி, ஏணி ஏறி ஏழு கோட்டைகளைக் கடக்க வேண்டும். மூன்றே உயிர். மிதிப்பது ஒரு கணம் நின்றாலும் திரை செத்துவிடும், பிறகு மறுபடியும் முதல் கோட்டைதான். முழுவதற்கும் முக்கால் மணித்தியாலம் வேண்டும், ஆறாவது கோட்டையை நாங்கள் இருவருமே தாண்டியதில்லை. அண்ணைக்கு ஒரு பழக்கம் இருந்தது. கோட்டை முடிவில் பூதம் வரும்போது என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "விடாதை பிள்ளை, விடாதை!" என்று விசர் பிடித்தவர் மாதிரி மிதிப்பார். அப்போது கரண்ட் கூடித் திரையில் உருவங்கள் கறுத்துத் தெளிவாகும்.

பிறகு அண்ணை வெளிநாடு போகவென்று கிளாலிக் கடலால் வள்ளத்தில் வெளிக்கிட்டார். "நான் கொழும்புக்குப் போய்ச் சேர முதல் நீ உந்தக் கேமை முடிச்சுப்போடோணும், சரியோ?" என்றார். "ஓம், ஓம்" என்றேன். மூன்று கிழமை ஆயிற்று, ஒரு கடிதம் இல்லை. அன்றைக்குப் போன வள்ளங்களில் ஒன்று கரை சேரவில்லையாம் என்று சந்தையில் கதைத்தார்கள்.

அம்மா பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் சுற்றிச் சுவாமிக்கு முன் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும், வெள்ளை வந்தால் நினைத்தது நல்லபடி நடக்கும். முதலில் சிவப்பு வந்தது. மனம் கேளாமல் இரண்டாம் தரம் பார்த்தார், வெள்ளை வந்தது.

"ரெண்டும் வந்தால் எதையணை நம்பிறது?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"நல்லதை நம்படி" என்றார் அம்மா.

அப்படி நக்கலடித்த நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்தக் கேமை முடித்தால் அண்ணை உயிரோடு இருக்கிறார் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டேன். படிக்கிற பிள்ளை செய்கிற வேலையா அது? ஆனால் இருக்க முடியவில்லை, படுக்க முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, கைக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சுகந்தியை மிதிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் கட்டை, கால் எட்டாது. தன் வீட்டில் இருந்து ஸ்பனர் கொண்டுவந்து சீற்றை நாலு விரல் இறக்கிவிட்டு ஏறினாள். திரையை எட்டியும் பார்க்கமாட்டாள், கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டே ஒரே சீராக மிதிப்பாள்.

ஒரு கிழமை தோற்றுக்கொண்டே இருந்தேன். எட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும். அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது என்பதால் யன்னலைப் பார்த்தபடி, சைக்கிளுக்கு முதுகு காட்டித்தான் இருப்பேன். ஏழாவது கோட்டைக்குள் முதல் முறையாக நுழைந்தேன், கையில் ஒரே ஓர் உயிர். அந்த நேரம் பார்த்து வானத்தில் விமான இரைச்சல்.

"எடியே, பொம்பர்! பங்கருக்கு ஓடி வாடி!" என்று சுகந்தி கத்தினாள்.

கேட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் திரை சாகவில்லை, டைனமோ இரைந்துகொண்டே இருந்தது. சரி, எனக்காக இருந்து மிதிக்கிறாள், என்ன துணிச்சல் என்று நினைத்தேன். வீடு ஒரு தரம் குலுங்கியது, ஓட்டுத் தூசி கொட்டியது. பின்னால் பெடல் சுற்றுக்கு ஒருமுறை டக், டக் என்றது. இடப்பக்கப் பெடல் தேய்ந்திருந்ததால் வழக்கமாக வருகிற சத்தம்தான். கடைசியில் இரும்புச் சட்டை போட்ட அரசன் வந்தான். உடனே டக் டக் வேகமானது, டைனமோ கீச்சிட்டது, திரை கறுத்துத் தெளிந்தது. அரசன் விழுந்தான், கதவு திறந்தது, சின்னதாக ஒரு பாட்டு வந்தது.

"முடிச்சிட்டனடி!" என்று திரும்பினேன்.

சைக்கிளில் ஒருவரும் இல்லை. பெடல் சுற்றிக்கொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள். டைனமோ அழுத்திக்கொண்டிருக்கும்போது சில்லு தன்பாட்டில் பத்து விநாடி கூட ஓடாது, ஓடினாலும் பெடல் சேர்ந்து சுற்றாது. பிறகு எத்தனை தரம் சோதித்துப் பார்த்திருக்கிறேன்! அன்று என் கண் முன்னால் அது இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி ஆறுதலாக நின்றது. திரையும் அணைந்தது.

பங்கரில் இருந்து வந்த அம்மா, "உனக்கென்ன விசரோ?" என்று கன்னத்தில் ஒன்று போட்டார். இருபது நிமிஷம் மூவரில் இரண்டு பேர்தான் பங்கருக்குள் இருந்தோம் என்று அழுதார். சுகந்தியும் கூடத்தான் நின்றாள். குண்டு எங்கே விழுந்தது என்று பார்க்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தி வரை போக ஏறியவள், ஏறின வேகத்தில் இறங்கினாள்.

"ஆரடி சீற்றை உயர்த்தினது? கால் எட்டேல்லை."

அது அண்ணையின் உயரத்தில் நின்றது. ஸ்பனர் சுகந்தி வீட்டில் கிடந்தது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு நாய் படாது. கேமை முடித்துவிட்டேன், ஆகவே அண்ணை இருக்கிறார். ஆனால் மிதித்தது அண்ணை என்றால்? உயிரோடு இருக்கிற மனிதர் இப்படியா வந்து மிதிப்பார்? சிவப்பும் வெள்ளையும் என் கையிலும் சேர்ந்தே வந்துவிட்டன. அம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை. நல்லதை நம்பு, நல்லதை நம்பு என்று வாசலுக்கும் படலைக்கும் நடந்துகொண்டே இருந்தேன், ஒரு கோழி குறுக்கே வந்தால்கூடத் திடுக்கிட்டேன்.

அன்றிலிருந்து பதினாலாம் நாள் கடிதம் வந்தது. அண்ணையின் கையெழுத்து. வவுனியாவில் ஆமிக்காரர் மறித்து வைத்திருந்தார்களாம், இப்போது கொழும்பில் சுகமாம். அம்மா பிள்ளையாரிடம் ஓடினார். நான் கிணற்றடியில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

அண்ணை இப்போது லண்டனில், தலை முழுக்க வழுக்கை. போன வருஷம்தான் துணிந்து போனில் முதல் தடவையாகச் சொன்னேன். பொம்பர் வந்தது, சுகந்தி ஓடியது, பெடல் சுற்றியது, எல்லாம். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவரோ மெதுவாகக் கேட்டார்.

"அப்ப பிறகு சுகந்திக்குச் சீற்றை இறக்கிக் குடுத்தனியோ?"

சீற்றைப் பற்றி நான் இன்னும் சொல்லத் தொடங்கியிருக்கவேயில்லை.