படிக்க மட்டும் திறந்தவள்

திண்டிவனத்தில் ஒரு மாடி அறை. பழைய கணினித் திரையில் ஒரு பச்சைப் படகின் புகைப்படம் மேலிருந்து கீழாக மெல்ல விரிந்த அந்தக் காலைப்பொழுது இன்னும் என் நினைவில் இருக்கிறது. அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். "பாத்தியாடி, மூட்டையைப் பிரிக்காமலே உள்ள இருக்கிறதை எடுத்துட்டேன்" என்றாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். அவள் அப்படிச் சிரித்ததை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்க்கவில்லை.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு மறு வருடம் அது. மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் குடிசை இழந்தவர்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டித்தர வந்திருந்தது. ஒவ்வொரு குடும்பத்தையும் அவர்களது குடிசை இருந்த இடத்திலேயே நிற்கவைத்து எடுத்த புகைப்படம்தான் வீட்டுக்கான அத்தாட்சி. விவரங்களைத் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு, நிரல் எழுதும் வேலை அக்காவுக்கு. படங்களை மேலாளர் ஒரே ஜிப் கோப்பாகச் சுருக்கி வைத்திருந்தார். முழுவதையும் பிரித்தால் கணினியில் இடம் நிரம்பி எல்லாம் நின்றுவிடும். அதற்காகத்தான் அக்கா சி மொழியில் ஒரு நிரல் எழுதினாள். ஜிப் கோப்பின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு, எந்தப் படம் எங்கே தொடங்குகிறது என்பது அதில் இருக்கும். நிரல் முதலில் அதைப் படிக்கும், வேண்டிய இடத்துக்குத் தாவும், அந்தத் துண்டை மட்டும் நினைவகத்தில் விரித்துக் காட்டும். கோப்பைப் படிப்பதற்கு மட்டுமே அது திறந்தது. அதில் ஒரு எழுத்தைக்கூட எழுத அதனால் முடியாது.

ஒருநாள் குப்பத்திலிருந்து ஒரு மீனவப் பெண் வந்தார். படம் எடுத்த சில வாரங்களில் அவருடைய கணவர் மஞ்சள் காமாலையில் இறந்திருந்தார். கணவரின் தம்பியோ, அண்ணன் தங்களோடுதான் இருந்தார், அவருக்குத் தனிக் குடிசை கிடையாது என்று சொல்லிவிட்டார். அக்கா படத்தைத் திறந்து காட்டினாள். அடுப்புக் கற்கள் மட்டும் மிஞ்சிய மணலில், தங்கள் குடிசை இருந்த இடத்தில், கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். அந்தப் பெண் திரையில் கணவரின் தோளைத் தொட்டுப் பார்த்தார். "கவலைப்படாதீங்க, படம் இருக்குது. கமிட்டி வர்ற அன்னிக்கு நானே காட்டறேன்" என்றாள் அக்கா.

கமிட்டி வந்த காலையில் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது நிரல். சென்னையிலிருந்து வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். "உன் புரோகிராம்தான் எல்லாத்தையும் தின்னுடுச்சு" என்றார் மேலாளர். அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அது படிக்க மட்டும்தான் திறக்குது சார். கடைசியில இருக்கிற அட்டவணைதான் போயிருக்குது. படமெல்லாம் உள்ள அப்படியே இருக்குது. ஒவ்வொரு படத்துக்கு முன்னாடியும் அதோட பேரு இருக்கும், அதை வெச்சு எடுத்துடலாம். ரெண்டு நாளு குடுங்க." அவர் கேட்கவில்லை. "நீ மறுபடி கை வெச்சா இருக்கிறதும் பூடும்" என்று அவளை வேலையைவிட்டே அனுப்பினார். அந்த வாரமே யாரையோ வரவழைத்து அந்தக் கணினியில் இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் வாய்ச்சொல்லை வைத்துப் புதிய கணக்கெடுப்பு நடந்தது. அதில் தம்பியின் சொல் நின்றது.

அந்தப் பெண் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். "நீதானே பாப்பா படம் இருக்குதுன்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அக்கா அதன்பிறகு நிரல் எழுதவில்லை. திருமணமாகி விழுப்புரம் போனாள், ஒரு தனியார் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். தன்மீது தவறில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஊரே ஒன்றைச் சொன்னால், தெரிந்ததுகூட ஆட்டம் கண்டுவிடுகிறது. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "ஒருவேளை நான்தான் ஏதாவது பண்ணிட்டேனாடி?" என்பாள். நான் இல்லை என்பேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை.

பல வருடங்கள் கழித்து, விழுப்புரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அந்த மேலாளர் எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது, பேச்சில் உற்சாகம் குறையவில்லை. பழைய கதை பேசுகிறவராக, சிரித்துக்கொண்டே சொன்னார்: "கமிட்டி வர்றதுக்கு மொத நாள் சாயங்காலம் நான்தாம்மா புதுப் படமெல்லாம் அந்த ஜிப்புல சேத்துக்கினு இருந்தேன். கரண்ட் போயி யு.பி.எஸ். கத்திக்கினே இருந்திச்சி. ஒரே பேஜாரு. பாதியிலயே ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுக் கெளம்பிட்டேன்." படங்களைச் சேர்த்து முடித்தபிறகுதான் கடைசி அட்டவணை எழுதப்படும்; அன்று அது எழுதப்படவே இல்லை.

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றாள் அக்கா.

"கமிட்டி முன்னாடி எப்படிம்மா சொல்றது? நீ படிச்ச பொண்ணு, வேற வேலை கெடச்சிடும்னு நெனச்சேன். வுடும்மா, எப்பவோ நடந்தது."

அக்கா எழுந்து நின்றாள். "இப்பவே குப்பத்துக்கு வாங்க சார். அந்தம்மாகிட்ட இதையே சொல்லுங்க." பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் கை கழுவப் போனார். திரும்பி வரவில்லை.

அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் போனோம். கணவரின் தம்பிக்கு நிறுவனம் கட்டித்தந்த வீட்டின் பின்சுவரில் சாய்த்துப் போட்ட தகரக் கொட்டகையில் அந்தப் பெண் இருந்தார். வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அக்கா நடந்ததை முழுவதும் சொன்னாள்.

"அந்த ஆளு வர்லியா?"

"வர்லைங்க."

"இனிமே யாருகிட்டனா சொன்னா வூடு குடுப்பாங்களா?"

அந்த நிறுவனம் ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அக்கா இல்லையென்று தலையசைத்தாள்.

அவர் குனிந்து கருவாட்டைத் திருப்பிப் போட ஆரம்பித்தார். "உன் மேல தப்பு இல்லன்னு சொல்ல வந்த. சொல்லிட்ட. உனக்கு மனசு ஆறிப்போச்சு. போய்ட்டு வா பாப்பா."

பேருந்து ஊரை நெருங்கும்போது, அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவங்களைக் குத்தம் சொல்ல முடியாதுடி. ஆனா எனக்கு ஆறலை."