துணிக்குப் பின்பக்கம்

பல வருஷங்கள் எனக்கு இதயம் வலது பக்கம்தான் இருந்தது. எனக்கு மட்டுமா, அன்றைக்கு எங்கள் ஊரில் படம் பார்த்த பெண்கள் அத்தனை பேருக்கும் அப்படித்தான். என் மாமியார் மூச்சு வாங்கும்போதெல்லாம் வலது மார்பைத் தடவிக்கொண்டு, "இங்கதான்டி படபடங்குது" என்பார். கடைசி வரைக்கும் கையை இடது பக்கம் கொண்டுபோகவே இல்லை.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது உலக யுத்தம் முடிந்தும் மண்ணெண்ணெய்க்கு நாங்கள் நாய் படாத பாடு பட்டுக்கொண்டிருந்த காலம் அது. நான் வாழ்க்கைப்பட்ட ஊர் அரியலூரிலிருந்து செந்துறை போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. கம்பும் வரகும் கடலையும் விளைகிற வானம் பார்த்த பூமி. அங்கே ஒரு நாள் மத்தியானம் சர்க்கார் சுகாதார வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. கூரையில் ஒலிபெருக்கிக் குழாய். பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் காட்டிவிட்டு வருகிறோம், இருட்டினதும் இங்கே படம் காட்டுவோம், காசு கிடையாது என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். கொசு எப்படி உண்டாகிறது, பசுவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, மனுஷன் உடம்பு எப்படி வேலை செய்கிறது, பிறந்த குழந்தை ஏன் சாகிறது. இதுதான் அவர்கள் கூவிய வரிசை.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அப்போது எனக்கு ஏழு மாசம். அதற்கு முன்னால் ஒரு பிள்ளையைப் பெற்றுப் பறிகொடுத்திருந்தேன். சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் என் தாய்வீட்டில் பிறந்த ஆண்பிள்ளை. பிறந்தபோது நன்றாகத்தான் வீறிட்டது. ஒரு வாரம் ஆவதற்குள் பால் குடிக்க வாய் திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. தொட்டால் உடம்பு வில்லாக வளைந்தது. சத்தம்கூட வராமல் போய்விட்டது. பட்சி தோஷம், பறவை நிழல் விழுந்துவிட்டது என்றார்கள் எங்கள் வீட்டில். "ஒங்க ஊரு தண்ணி ஆகல. அடுத்தது என் வூட்டுலதான் பொறக்கணும்" என்றார் மாமியார். எனக்குத் தண்ணியும் தெரியாது, பறவையும் தெரியாது. வயிற்றில் இருப்பதாவது தங்கவேண்டும். அது ஒன்றுதான் நினைப்பு.

களத்துமேட்டில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். ஆண்கள் முன்பக்கம் உட்கார்ந்தார்கள். பெண்களை எங்கே உட்காரவைப்பது என்று பேச்சு வந்தபோது ஊர் மணியக்காரர் யோசிக்கவே இல்லை. "பின்பக்கம் உக்காரட்டும். துணிதானே, அங்கேருந்தும் தெரியும்" என்றார்.

வண்டியோடு வந்திருந்த சுகாதார இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர். "பின்னால இருந்து பார்த்தா இடது வலது மாறித் தெரியுமேங்க" என்றார்.

"மாறுனா மாறட்டும். பொம்பளைங்களுக்கு இடதென்ன, வலதென்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனாலும் படம் பார்த்தபோது வாய் பிளந்துதான் பார்த்தேன். அதை மறைக்கமாட்டேன். எங்கள் வீட்டு மாட்டுத்தொட்டியில் நெளிகிற அதே புழு, துணியில் தலைகீழாகத் தொங்கியது. அதன் முதுகு வெடித்து ஒரு கொசு எழுந்து, ஈரக் காலை உதறிக்கொண்டு பறந்தது. தினமும் கையால் தள்ளிவிட்டுத் தண்ணீர் மொண்ட புழுவுக்கு இப்படி ஒரு பிழைப்பு இருக்கிறதா என்று இருந்தது. பிறகு பசு. அதன் வயிற்றைக் கோடு கோடாக வரைந்து, தின்ற வைக்கோல் எங்கே போகிறது, எப்படி அசைபோட வாய்க்குத் திரும்பி வருகிறது என்று காட்டினார்கள். இன்னொரு பசுவின் வயிற்றில் கன்று முன்னங்கால் இரண்டையும் நீட்டி, அதன்மேல் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. அப்புறம் நிஜமாகவே ஒரு பசு கன்று போட்டது. கன்று விழுந்ததும் தாய் நக்கிக் கொடுத்தது. என் கை தானாக என் வயிற்றுக்குப் போனது. பக்கத்தில் மருத்துவச்சி உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் பாதிப் பேரை வெளியே இழுத்துப் போட்டவர் அவர்தான். "புள்ளையும் இப்பிடித்தான் மடங்கிக் கெடக்கும், ஆனா தலைகீழா" என்று என் காதில் சொன்னார்.

மூன்றாவது மனுஷ உடம்பு. எலும்பு, நுரையீரல், குடல். இதயம் வந்ததும் பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. "எது பக்கம்? எது பக்கம்?" என்று கேட்டுக்கொண்டோம். துணியில் எங்களைப் பார்த்து நின்றவனுக்கு இதயம் அவனுடைய வலது மார்பில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்த பிறகு யார் மறுப்பது?

நான்காவது படத்துக்குச் சுருளை மாற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது மணியக்காரர் எழுந்தார்.

"அடுத்தது பிரசவமாமே. பொம்பளைங்க எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். "ஐயா, இது அவங்களுக்காகவே எடுத்த படம்ங்க. அவங்கதான் பாக்கணும்."

"ஆம்பளைங்க இருக்கற எடத்துல அவளுவ எப்பிடிய்யா இதையெல்லாம் பாப்பாளுவ? வெக்கம் மானம் வேணாமா?"

"அப்ப ஆம்பளைங்க கொஞ்ச நேரம் எழுந்து போகட்டுங்க."

இதற்கு வந்த சிரிப்பு அரியலூர் வரைக்கும் கேட்டிருக்கும். முன்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். நாங்கள்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தோம். மருத்துவச்சியும் எழுந்தார். அந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டிய ஒரே ஆளை முதலில் எழுப்பி அனுப்பினார்கள். யாருக்கும் அது உறைக்கவில்லை.

சத்தமாவது கேட்குமே என்று வீட்டுக்கு மெல்ல மெல்ல நடந்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு வார்த்தை பேசியதுமே ஒலிபெருக்கி நின்றுவிட்டது. சத்தம் தெருவுக்குப் போகிறது, நிறுத்துங்கள், வாயால் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எஞ்சின் உறுமல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் கேட்டேன். "கடசிப் படத்துல என்னங்க காட்டுனாங்க?"

"என்னமோ காட்டுனான்."

"பொறந்த புள்ள ஏன் சாவுதுன்னு சொல்லுவாங்கன்னு மைக்குல கூவுனாங்களே. என்ன சொன்னாங்க?"

"சுத்தமா இருக்கணும்னு சொன்னான். படு புள்ள."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"அதெல்லாம் ஒங்கிட்டச் சொல்ற விஷயமா? படுன்னா படு."

மறுநாள் காலையில் இதயம் எந்தப் பக்கம் என்று வீட்டில் பெரிய தகராறு. இவர் இடது என்றார். மாமியார் வலது என்றார். "என் ரெண்டு கண்ணால பாத்தேன்டா" என்று மாமியார் சத்தியம் பண்ண, இவர் சிரித்துச் சிரித்து, துணியைப் பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் மாறித் தெரியும் என்று வேட்டியைப் பிடித்துக் காட்டி விளக்கினார். மாமியாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. கொசுவைப் பற்றி ஒரு நாழிகை பேசினார். பசுவின் வயிற்றைப் பற்றிக் கடைத்தெருவில் போய்ப் பேசினார். நான்காவது படத்தைப் பற்றி மட்டும் வாயில் கொழுக்கட்டை.

சரி, சுத்தமாக இருக்கவேண்டும் என்று ஒரு வார்த்தை கிடைத்ததே, அதையாவது விடக்கூடாது என்று பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் சுத்தம் என்றால் என்ன? சாணி போட்டு மெழுகுவதுதான் சுத்தம். குனிய முடியாத வயிற்றோடு, பிரசவ அறையைப் பசுஞ்சாணி கரைத்துத் தினமும் மெழுகினேன். மூலைமுடுக்கு விடாமல் மெழுகினேன். இந்தப் பிள்ளைக்காக என்று ஆசை ஆசையாக மெழுகினேன்.

பெண்குழந்தை பிறந்தது. மாமியாரின் நிறம், என் மூக்கு. மருத்துவச்சி எப்போதும் செய்கிறதைத்தான் செய்தார். சுவரில் செருகியிருந்த கதிர் அறுக்கிற கருக்கறுவாளை எடுத்துத் தொப்புள்கொடியை அறுத்தார். அறுத்த இடம் சீக்கிரம் காயட்டும் என்று சாணிச் சாம்பலை வைத்து அப்பினார். அவர் பேரில் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. தெரிந்துகொள்ள வந்தவரை எழுப்பி அனுப்பியது எங்கள் ஊர்தானே.

ஒரு வாரம் ஆகவில்லை. பால் கொடுக்க எடுத்தேன், வாய் திறக்கவில்லை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தாடையைத் தடவித் தடவிப் பார்த்தேன். பாலைப் பஞ்சில் நனைத்து உதட்டில் பிழிந்தேன். அந்தச் சின்ன உடம்பு வளைந்து வளைந்து நின்றது. அதைத் தொடவும் முடியவில்லை, தொடாமல் இருக்கவும் முடியவில்லை. அது போய்ச் சேர்ந்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை.

இந்தத் தடவை தண்ணியைச் சொல்ல வழியில்லை. ஆகவே மாமியார் வேறு காரணம் கண்டுபிடித்தார். "புள்ளத்தாச்சி இருட்டுல வெளிய போயி, எலும்பையும் கொடலையும் வாயப் பொளந்து பாத்தா. புள்ள எப்பிடித் தங்கும்?" துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தரிடமும் இதைச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அந்தப் படத்தைப் பார்த்தது அவருக்கு மறந்துபோயிற்று. கேட்டவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். கடைசியில் நானே நம்பிவிட்டேன். அந்த எலும்புக்கூட்டைப் பார்த்த கண்ணைத் தோண்டிப் போடலாம் போல இருந்தது. என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பாவம், மனுஷன் துக்கத்தில் பேச முடியாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். நானும் ஒரு ஏமாளி.

அந்த வருஷம் ஆடி மாசம் எங்கள் பசு கன்று போட்டது. காலையில் என் வீட்டுக்காரர் கை கழுவ வெந்நீர் கேட்டார். கொண்டுபோனேன். கொட்டகைக்கு வெளியே கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார். ஒரு சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அதற்குள் புது பிளேடு ஒன்றும் நூலும் கிடந்தன. கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். கன்றின் தொப்புள்கொடி நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நூலால் கட்டி, அந்த பிளேடால் அறுத்தார். பிறகு ஒரு சின்னப் புட்டியை எடுத்து, அறுத்த இடத்தில் டிஞ்சர் தடவினார். அரியலூர் மாட்டாஸ்பத்திரியிலிருந்து முந்தின வாரமே வாங்கிவந்து வைத்திருக்கிறார்.

இதற்கு முன்னால் எத்தனையோ கன்றுகள் அந்தக் கொட்டகையில் விழுந்திருக்கின்றன. அவர் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"சாம்பல் எடுத்தாரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"சாம்பலா? தப்பித் தவறி வச்சிடாத புள்ள. சாணி, சாம்பல் பட்டாத்தான் வெஷக்கிருமி உள்ள போவும். இழுப்பு வந்து ரெண்டு நாள்ல போயிடும். படத்துலயே காட்டுனானே."

"எந்தப் படத்துல?"

அவர் கை நின்றது.

"மாட்டுப் படத்த நானுந்தானே பாத்தேன். அதுல பிளேடு வரலியே. நூலும் வரலியே. எந்தப் படத்துலங்க?"

அவர் கன்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த... கடசிப் படத்துல."

கொட்டகை மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"எங்கம்மாகிட்டயும் மருத்துவச்சிகிட்டயும் போயி இத எப்பிடிப் புள்ள பேசுறது? நான் ஆம்பள. நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"கன்னுக்குட்டிக்கு மட்டும் வெக்கம் இல்லாமச் செய்ய முடிஞ்சுதாக்கும்?"

கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. மறுபடி எழுந்தது. வாயை நன்றாகத் திறந்து மடியை முட்டியது. நான் அதைப் பார்க்க முடியாமல் திரும்பினேன். என் குழந்தையை நான் கொன்றதாக ஊரே பேசியபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பசுவின் பாலை நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

அடுத்த பிரசவத்துக்கு வலி கண்டதும் யாரிடமும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனேன். சட்டியில் தண்ணீர் வைத்தேன். புது பிளேடும் நூலும் போட்டுக் கொதிக்க வைத்தேன். வலி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டேன், விட்டதும் அடுப்பில் விறகைத் தள்ளினேன். மருத்துவச்சி வந்ததும் சோப்பை அவர் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்காமல் கழுவிக்கொண்டார். சாம்பல் கிண்ணத்தோடு வந்த மாமியாரை மட்டும் கையை நீட்டித் தடுத்தேன்.

"ஏன்டி, இதையெல்லாம் யாருடி ஒனக்குச் சொல்லிக்குடுத்தது?" என்றார் மாமியார்.

கதவுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழவேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"நம்ம மாடு."