என்னை எப்படிக் கழுவுவார்கள்?

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், இரும்புப் பாகங்களில் ஒளிரும் சாயம் தடவி, கருநீல விளக்கில் விரிசல் தேடுவது என் வேலை. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. சில நாட்களாக நேர்க்கோடுகள் நெளிந்து தெரிந்ததால் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விழித்திரையைப் போட்டோ எடுத்தார்கள். அதில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஊசி இல்லாத ஸ்கேனில் ரத்தக்குழாய்கள் வேர் போலத் தெரிந்தன.

டாக்டரம்மா அடுத்து, கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படம் எடுக்க வேண்டும் என்றார். எங்கள் கம்பெனியில் சாயம் பட்ட பாகத்தைக் கழுவாமல் லைனுக்கு அனுப்ப மாட்டோம். என்னை எப்படிக் கழுவுவார்கள்? கேட்கக் கூச்சப்பட்டு, சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விஷயத்தைக் கேட்ட மனைவி விடவில்லை. "இன்னாயா ஆளு நீ! இரும்புக்குச் சாயம் பூசிப் பாப்ப, உன் கண்ணுக்கு வேணாமா? வாயத் தொறந்து கேளுய்யா!"

மறுநாள் போய்க் கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார். "உங்க கிட்னியே கழுவிடும்ணா. ஸ்கேன்ல குழாய் எப்படிப் போவுதுன்னு தெரியும். எங்க கசியுதுன்னு சாயந்தான் காட்டும்."

சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். காட்டியது. வலது கண்ணில் கசிவு. உடனே சிகிச்சை தொடங்கியதால் பார்வை தப்பியது. சாயம் ஏற்றிய அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனது. அடுத்த நாள் தெளிந்தது. கழுவியாயிற்று!

இப்போது எந்தப் பரிசோதனை என்றாலும், "இது எதைக் காட்டும், எதைக் காட்டாது?" என்று கேட்டுவிடுகிறேன்.

எழுதி முடித்தது: ஆயுத பூஜை விடுமுறை நாள்.