அடுப்படி வழியாகக் கிணற்றுக்குப் போகும் உரிமை

அமெரிக்காவில் முதன்முதலில் குடியேறிய ஆங்கிலேயர்கள் கடவுளையும் சுதந்திரத்தையும் தேடிக் கப்பலேறினார்கள் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. இதை மறுக்கவேண்டிய கனத்த பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஆறு வருடமாக அவர்களுடைய நீதிமன்றக் காகிதங்களைப் படித்து வருபவன் என்ற முறையில் அறிவிக்கிறேன்: அவர்கள் தேடியது செத்துப்போன அப்பாவின் பித்தளை அண்டாவை. அது அண்ணன் வீட்டில் இருந்தது.

ஆக்லாந்தில், கிளென்ஃபீல்டில், ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பழைய உயில்கள், கடன் வழக்குகள், பாகப்பிரிவினைகள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினியில் வரும். அந்தக் கோழிக்கிறுக்கலைப் படித்துத் தட்டச்சு செய்து, முன்னோரைத் தேடும் அமெரிக்கர்களுக்கு அனுப்புவோம். எங்கள் வரிசையில் மூன்று பேர்: நான், கும்பகோணத்துச் செல்வி, யாழ்ப்பாணத்து ஜெயம் அண்ணன். கூடப்பிறந்தவர்களோடு பத்திர ஆபீஸ் வாசலில் நின்றிருக்கும் வாசகர்களுக்கு இந்த வேலையின் வேதனையை விளக்க வேண்டியதில்லை.

விதவையின் பங்கு

செல்விக்கு வந்த முதல் காகிதம் அது. அப்பா இறந்துவிட்டார், வீடு மகன்களுக்கு. விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, அதுவும் அவள் உயிரோடு இருக்கும் வரைதான். மூன்று பெரியவர்கள் வீடு முழுக்க அளந்து எழுதியிருந்தார்கள்: மாடியில் மேற்குப் பக்க அறை, ரொட்டி அடுப்பில் வாரம் ஒரு நாள், அடுப்படி வழியாகக் கிணற்றுக்குப் போகும் உரிமை.

அந்தக் காலச் சட்டத்தைப் பற்றி நான் பத்து நிமிடம் விரிவுரை ஆற்றினேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். செல்வி தட்டச்சை நிறுத்தாமல் சொன்னார்: “கிணறு வரைக்கும் விட்டாங்களே சார், பெரிய மனசுதான்.”

பசு

வாடிக்கையாளர் ஒருவரின் முன்னோர், தங்கை பங்குக்கு வந்த பசுவைத் தராமல் தானே வைத்துக்கொண்டார். தங்கை வழக்குப் போட்டாள். பதினோரு வருடம் கழித்து ஜெயித்தாள். அதற்குள் பசு செத்துப்போயிருந்தது. பிரதியை அனுப்பிவைத்தோம்.

மறுநாளே பதில் வந்தது: “எங்கள் குடும்பத்தில் அப்படிச் செய்யக்கூடியவர்கள் யாருமில்லை. தயவுசெய்து இன்னொரு முறை கவனமாகப் படியுங்கள்.”

கூரியர்

போன வருடம் செல்விக்கு அலுவலக முகவரிக்கே ஒரு கூரியர் வந்தது. கும்பகோணத்து வீட்டில் தன் பாதியை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். ஊருக்குப் போகாமலே காரியம் முடிய, அண்ணியின் தம்பி செல்விக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட ஒரு பவர் பத்திரம். அந்தப் பாதியை விற்றால் இங்கே ஆக்லாந்தில், பிளாட் புஷ்ஷில் வீட்டுக்கு முன்பணம் ஆகும்; செல்வி மவுண்ட் ரோஸ்கில்லில் வாடகை வீட்டில் இருக்கிறார். ஆனால் அப்பா அம்மா போனபின், ஊரில் அவருக்கென்று இருப்பது அந்த அண்ணன் மட்டும்தான்.

அண்ணன் போனில் வந்தார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. “சட்டுனு போட்டு அனுப்பும்மா. வீடு எங்க போயிடப்போவுது? நீ எப்ப வந்தாலும் மாடி ரூம் உனக்குத்தான்.”

போனை வைத்ததும் ஜெயம் அண்ணன் பெருமூச்சு விட்டார். “எங்கட பக்கம் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் எழுதுறது. தங்கச்சிக்கு வீடு, எனக்கு பிளேன் டிக்கெட். பிழையான இடத்தில பிறந்திட்டம், ரெண்டு பேரும்.” பிறகு செல்வி பக்கம் திரும்பினார்: “மாடி ரூம் மேற்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ எண்டு கேட்டு எழுதி வாங்கு, பிள்ளை.”

ஒரு கமா

அந்தப் பழைய காகிதங்களில் ஒரு வழக்கம் உண்டு. நிலத்தை விட்டுக்கொடுக்கும் மனைவியை, கணவன் காதில் படாதபடி, நீதிபதி தனியாக அழைத்துக் கேட்பார்: யாராவது வற்புறுத்தினார்களா? அவள் சொன்னதைக் கீழே எழுதுவார்.

பத்திரம் மேசை டிராயரில் கிடந்த மூன்றாவது வாரம், செல்வி கேட்டார்.

“ஒருத்தியாவது ஆமான்னு சொல்லியிருக்காளா சார்?”

“நான் படித்தவரையில் இல்லை. எல்லோரும் மனமுவந்துதான்.”

“உங்க ஊர் வீட்டுல உங்க அக்கா பங்கு என்னாச்சு?”

“அவளும் கையெழுத்துப் போட்டாள்.”

“மனமுவந்தா?”

திரையில் ஒரு கமா சந்தேகமாக இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். செல்வி என் திரையை எட்டிப் பார்த்துச் சொன்னார்: “கமாதான் சார். புள்ளி இல்ல.”

நோட்டரி

நாலாவது வாரம் அண்ணன் போன் எடுப்பதை நிறுத்தினார். ஐந்தாவது வாரம் செல்வியின் மகள் பிறந்தநாளுக்கு மாமாவிடமிருந்து வாழ்த்து வரவில்லை. அந்தப் பெண் அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாளாம், மாமா நம்மேல் கோபமா என்று. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், இரண்டு கட்டடம் தள்ளியிருந்த நோட்டரியிடம் போனோம். சாட்சிகள் நானும் ஜெயம் அண்ணனும்.

நோட்டரி வயதான வெள்ளைக்கார அம்மாள். பவரை நிதானமாகப் படித்தார். “யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி” என்ற வரியின் ஆங்கிலத்தில் விரலை வைத்தார். எங்கள் இருவரையும் ஏறிட்டுப் பார்த்து, கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வெளியே நின்றோம். ஜெயம் அண்ணன் கதவில் ஒட்டியிருந்த கட்டண விவரத்தை இரண்டு முறை படித்தார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். செல்வி பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். நாங்களும் போட்டோம்.

படியிறங்கும்போதுதான் பேசினார்: “அதே கேள்விதான் சார். நானும் அதே பதிலைத்தான் சொன்னேன்.”

மூன்று நூற்றாண்டில் மனித இனம் கண்ட முன்னேற்றம், கேள்வி கேட்பவரும் இப்போது ஒரு பெண் என்பதுதான்.

டிசம்பரில் செல்வி மகளோடு கும்பகோணம் போனார். மாடி ரூமை வாடகைக்கு விட்டிருந்ததால், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் ஐந்து நாள் தங்கினார்.